எருசலேம் ஆலயமும் தேவனோடுள்ள ஐக்கியமும்

கேள்வி மூன்று கிளைகளாக வந்திருக்கிறது. எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் ரோமர்களால் இடிக்கப்பட்டுவிட்ட நிலையில், இன்றைய கிறிஸ்தவர் அதைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்? இயேசு சிலுவையில் மரித்தபோது ஆலயத்தின் திரைச்சீலை கிழிந்த அன்றே அந்த ஆலயத்தின் கதை முடிந்துவிடவில்லையா? அது மறுபடியும் கட்டப்படுமானால், தேவனோடு நமக்குள்ள ஐக்கியத்தில் ஏதாவது மாறுமா? கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாவது கேள்விக்குள் இருக்கும் ஒரு கருத்துதான் முதல் கேள்வியையே பிறப்பிக்கிறது. ஆலயம் என்பது தேவனை மனிதரிடமிருந்து பிரித்து வைத்த ஓர் ஏற்பாடு, இயேசு வந்து அதை அகற்றினார் என்பதே அந்தக் கருத்து. நம் பிரசங்கங்களில் இதை அடிக்கடி கேட்கிறோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால், புதிய ஏற்பாடு ஐக்கியம் என்று எதைச் சொல்கிறதோ அதையே தவறவிட்டுவிடுவோம். ஆலயம் தேவனைத் தூரத்தில் வைப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. தூரமாய்ப் போயிருந்தவர்கள் அழிந்துபோகாமல் அவரருகே வருவதற்காக அவரே ஏற்படுத்திய வழி அது.

இதற்கு முதல் சான்று, ஆலயத்துக்கு முன்னோடியாக மோசேயின் காலத்தில் இருந்த ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்டச் சொன்ன கட்டளையிலேயே இருக்கிறது. "அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண, எனக்கு ஒரு பரிசுத்த ஸ்தலத்தை உண்டாக்குவார்களாக" என்று யாத்திராகமம் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. இங்கே மனிதர் தேவனைத் தேடிப் போய் அவருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்கவில்லை. தேவனே தம்முடைய ஜனத்தின் பாளயத்துக்கு நடுவில், அவர்களுடைய கூடாரங்களைப் போன்ற ஒரு கூடாரத்தில் தங்க விரும்பினார். 29ஆம் அதிகாரத்தின் முடிவில் இன்னும் ஒரு படி மேலே சென்று, அவர்கள் நடுவில் வாசம்பண்ணும்படியாகவே அவர்களை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணினேன் என்கிறார். அப்படியானால் விடுதலை முதலில் வந்தது, வாசம்பண்ணுதல் அதன் நோக்கமாயிற்று. பலிகளைச் செலுத்தி விடுதலையைச் சம்பாதித்தார்கள் என்று பழைய ஏற்பாட்டை வாசிப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

ஆனாலும் அந்த அருகாமை எளிதானதாக இருக்கவில்லை. யாத்திராகமத்தின் கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய மகிமை கூடாரத்தை நிரப்புகிறபோது, மோசேயே உள்ளே போகக்கூடாமல் வெளியே நிற்கிறான். அடுத்த புத்தகமாகிய லேவியராகமம், கர்த்தர் கூடாரத்திலிருந்து மோசேயைக் கூப்பிட்டுப் பேசுவதில் தொடங்குகிறது. அதற்கும் அடுத்ததாகிய எண்ணாகமத்தின் முதல் வசனத்தில் கர்த்தர் கூடாரத்தில் மோசேயோடே பேசுகிறார். வெளியே நின்றவனை உள்ளே கொண்டுவருவதற்கு நடுவிலிருக்கும் புத்தகம் தேவைப்பட்டது. இரத்தமும் கொழுப்பும் சுத்தம் அசுத்தமும் நிறைந்து, பலரும் வேதம் வாசிக்கத் தொடங்கி நடுவில் விட்டுவிடுகிற அந்தப் புத்தகம், பரிசுத்தமுள்ள தேவனும் பாவமுள்ள ஜனமும் ஒரே பாளயத்தில் குடியிருப்பது எப்படி என்ற ஒரே கேள்வியைத்தான் முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறது.

ஆலயத்தின் அலங்காரங்களும் இதே திசையைக் காட்டுகின்றன. ஏதேனின் ஜீவவிருட்சத்துக்குப் போகும் வழியைக் காவல்செய்யக் கேருபீன்கள் என்னும் பரலோக ஜீவன்கள் கிழக்கே வைக்கப்பட்டதாக ஆதியாகமம் 3 கூறுகிறது. கூடாரத்தின் வாசலும் கிழக்கு நோக்கியே இருந்தது. அதன் உட்திரையில் கேருபீன்களே நெய்யப்பட்டிருந்தன. குத்துவிளக்கு வாதுமைப் பூவும் மொக்குமாக ஒரு மரத்தின் சாயலில் செய்யப்பட்டது. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் சுவர்களிலோ கேருபீன்களோடு பேரீச்ச மரங்களும் மலர்ந்த பூக்களும் செதுக்கப்பட்டன. தோட்டத்தில் உலாவிய தேவனோடு மனிதன் இழந்த உறவு மறுபடியும் தொடங்குகிற இடம் இது என்பதைச் சொல்லாமல் சொல்லும் வேலைப்பாடு அது. அதற்காக ஒவ்வொரு கொக்கிக்கும் முளைக்கும் நிறத்துக்கும் ஓர் ஆவிக்குரிய அர்த்தம் கண்டுபிடித்துச் சொல்லும் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. வேதமே சுட்டிக்காட்டும் தொடர்புகள் போதுமான அளவு இருக்கின்றன. மீதியானவை பெரும்பாலும் சொல்பவருடைய கற்பனைத் திறனுக்கே சான்றாகின்றன.

சாலொமோனின் ஆலயம் 60 முழ நீளமும் 20 முழ அகலமும் 30 முழ உயரமும் கொண்டது. முழத்தைச் சுமார் 45 சென்டிமீட்டர் என்று கொண்டால் நீளம் 27 மீட்டர்தான். நம் ஊர்களில் இதைவிடப் பெரிய சபைக் கட்டடங்கள் எத்தனையோ உண்டு. இதற்குக் காரணம், ஜனங்கள் அந்தக் கட்டடத்துக்குள் கூடவில்லை என்பதே. அவர்கள் கூடியது பிராகாரத்தில், திறந்த வானத்தின் கீழே, பலிபீடத்தைச் சுற்றி. கட்டிமுடித்த ராஜாவே பிரதிஷ்டை ஜெபத்தில், "வானங்களும், வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே, நான் கட்டின இந்த ஆலயம் எம்மாத்திரம்?" என்று கேட்டுவிட்டான். தேவன் அந்தக் கட்டடத்துக்குள் அடைபட்டிருக்கிறார் என்று இஸ்ரவேலின் சிறந்த மனங்கள் ஒருபோதும் எண்ணவில்லை. அதே ஜெபத்தில், தூரதேசத்திலிருந்து வரும் அந்நியன் இந்த ஆலயத்துக்கு நேராக ஜெபித்தாலும் அதைக் கேட்டருளும் என்று சாலொமோன் வேண்டிக்கொண்டதையும் கவனிக்க வேண்டும்; இந்த வேண்டுதல் பின்னால் முக்கியமாகிறது.

இனி, ஐக்கியத்தைப் பற்றிய பேச்சில் நம்மவர்கள் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிற ஒரு விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும். பலி என்றதும் நம் நினைவுக்கு வருவது பாவநிவாரணபலிதான். லேவியராகமம் 3 மற்றும் 7ஆம் அதிகாரங்களில் விவரிக்கப்படும் சமாதானபலி வேறு வகையானது. அதில் கொழுப்பு பலிபீடத்தில் தகனிக்கப்படும். மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் ஆசாரியருக்குச் சேரும். மீதியான மாம்சம் முழுவதும் பலி கொண்டுவந்தவருக்கே திரும்பக் கொடுக்கப்படும். அவர் அதைத் தம் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் புசிக்க வேண்டும். ஸ்தோத்திரத்துக்கான பலியானால் அன்றைக்கே புசித்து முடிக்க வேண்டும், விடியற்காலம் வரைக்கும் மீதிவைக்கக் கூடாது. ஒரு மாட்டையோ ஆட்டையோ ஒரே நாளில் ஒரு குடும்பம் மட்டும் தின்று தீர்க்க முடியாது. ஆகவே அந்தக் கட்டளையைக் கைக்கொள்ள வேண்டுமானால் மற்றவர்களையும் அழைத்துத்தான் ஆக வேண்டும். உபாகமம் 12ஆம் அதிகாரம் யாரையெல்லாம் அழைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறது: குமாரர், குமாரத்திகள், வேலைக்காரர், வேலைக்காரிகள், சொந்த நிலமில்லாத லேவியர். பலிபீடத்துக்கு ஒரு பங்கு, ஊழியக்காரருக்கு ஒரு பங்கு, ஜனங்களுக்கு ஒரு பங்கு என்று ஒரே பலியை எல்லாரும் பங்கிட்டுக்கொண்ட விருந்து அது.

முதன்முதலாக ஆரோன் ஆசாரிய ஊழியம் செய்த நாளை லேவியராகமம் 9 விவரிக்கிறது. ஜனங்களுக்காக முதலில் பாவநிவாரணபலி, பிறகு சர்வாங்க தகனபலியும் போஜனபலியும், அதன் பிறகே சமாதானபலி. மன்னிப்பு முதலில், முழுமையாக ஒப்புக்கொடுத்தல் அடுத்தது, ஒன்றாய் உட்கார்ந்து புசித்தல் அதன் நிறைவு. அன்று கர்த்தருடைய மகிமை சகல ஜனங்களுக்கும் காணப்பட்டது. பாவமன்னிப்பே பக்தியின் முடிவு என்று எண்ணுகிறவர்கள் இந்த வரிசையில் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த மகிமையின் நிகழ்ச்சிக்கு அடுத்த அதிகாரத்திலேயே, கட்டளையிடப்படாத அந்நிய அக்கினியைக் கொண்டுவந்த ஆரோனின் குமாரராகிய நாதாபும் அபியூவும் செத்துப்போகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தேவன் அருகே வரும்போது மனிதன் தன் இஷ்டப்படி நடந்துகொள்ள முடியாது என்பது ஐக்கியத்தின் மறுபக்கம்.

இந்த விருந்தின் அருமையை அறிய அன்னாளின் கதையை வாசிக்க வேண்டும். அப்போது ஆலயம் எருசலேமில் இல்லை, சீலோவில் இருந்தது. அன்னாளின் கணவன் எல்க்கானா வருஷந்தோறும் பலியிட்டு, தன் மற்றொரு மனைவியாகிய பெனின்னாளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் அன்னாளுக்கும் பங்குபோட்டுக் கொடுப்பான். அது சமாதானபலியின் பங்கே. பிள்ளையில்லாதவள் என்று சக்களத்தி மனமடிவாக்கியதால் அன்னாள் அழுதுகொண்டு சாப்பிடாமல் இருந்தாள். தேவனுடைய பந்தியில் உட்கார்ந்தும் அவளால் புசிக்க முடியவில்லை. பின்பு அவள் எழுந்து போய்த் தன் இருதயத்தை ஊற்றி ஜெபித்தாள். ஆசாரியனாகிய ஏலியின் வார்த்தையைக் கேட்டுத் திரும்பி வந்து போஜனஞ்செய்தாள். அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று 1 சாமுவேல் 1:18 முடிக்கிறது. இந்த நேரத்தில் அவளுக்கு இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. ஒரே வீட்டாரின் பொறாமையும் ஏளனமும் தேவனுடைய பந்தியை எப்படிக் கசப்பாக்கிவிடும் என்பதையும், உள்ளே இருப்பதை உள்ளபடியே சொல்லி ஜெபித்தவள் எப்படி அந்தப் பந்திக்குத் திரும்பினாள் என்பதையும் இத்தனை சுருக்கமாகச் சொல்லும் பகுதி வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே சீலோவை எரேமியா பின்னாளில் எச்சரிப்பாக எடுத்துக்காட்டினான். ஆலய வாசலில் நின்றுகொண்டு, கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம் என்று சொல்லிக்கொள்ளும் பொய்வார்த்தைகளை நம்பாதீர்கள் என்றான். பரதேசியையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு இங்கே வந்து நிற்பவர்களுக்கு இந்த ஆலயம் கள்ளர் குகையாயிற்று என்றான். சீலோவுக்கு நேரிட்ட அழிவு இதற்கும் நேரிடும் என்றான். பாபிலோனின் நேபுகாத்நேச்சார் கி.மு. 586 வாக்கில் அதைச் சுட்டெரித்தபோது அது நிறைவேறிற்று. ஆனால் எசேக்கியேல் கண்ட தரிசனத்தில், எதிரி வருவதற்கு முன்பே மகிமை ஆலயத்தை விட்டுப் படிப்படியாகப் புறப்பட்டு, நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலையின்மேல் போய் நிற்கிறது. எரிக்கப்பட்டது வெறும் கட்டடம். சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அந்தந்த தேசங்களிலே தாமே பரிசுத்த ஸ்தலமாயிருப்பதாகத் தேவன் அதே இடத்தில் வாக்களிக்கிறார். இந்த வாக்குத்தத்தம் புதிய ஏற்பாட்டுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னே வந்தது என்பதால், ஆலயத்தைத் தாண்டிய ஐக்கியம் கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்த புதுமை என்று சொல்ல இடமில்லை.

கி.மு. 515 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட இரண்டாம் ஆலயத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். அதன் உள்ளறையாகிய மகா பரிசுத்த ஸ்தலத்தில், கட்டளைகளின் கற்பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டி இல்லை. கி.மு. 63இல் எருசலேமைப் பிடித்த ரோமத் தளபதி பொம்பேயு உள்ளே நுழைந்து பார்த்தபோது, எந்தத் தெய்வ உருவமும் இல்லாத வெற்றிடத்தையே கண்டதாக ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதுகிறார். ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கும் மேலாக, பிரதான ஆசாரியன் பாவநிவிர்த்தி நாளில் ஒன்றுமில்லாத ஓர் அறைக்குள் இரத்தத்தோடு போய் வந்தான். பெட்டி போய்விட்டதே என்று யூதர் ஆராதனையை நிறுத்திவிடவில்லை. அங்கே சந்திக்கிறவர் பொருளல்ல, நபர் என்பதை அந்த வெற்றறை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

ஏரோது ராஜா பெரிதாக்கி அழகுபடுத்திய அந்த இரண்டாம் ஆலயத்தைத்தான் இயேசு அறிந்திருந்தார். சிசுவாய் அங்கே கொண்டுவரப்பட்டார்; பன்னிரண்டு வயதில் அதை என் பிதாவுக்கடுத்த இடமாகப் பேசினார்; ஆலயவரியைச் செலுத்தினார்; பண்டிகைகளுக்குப் போனார். அதை வெறுத்தவர் அதை விட்டு விலகியிருப்பார். அவரோ அதைச் சுத்திகரித்தார். விற்பவர்களையும் காசுக்காரரையும் துரத்தியபோது அவர் எடுத்துக்காட்டிய வசனங்கள் இரண்டு: எரேமியாவின் கள்ளர் குகை, ஏசாயா 56இன் "சகல ஜனங்களுக்கும் ஜெபவீடு". சாலொமோன் அந்நியனுக்காக ஏறெடுத்த ஜெபம் இங்கே திரும்பவும் ஒலிக்கிறது. அந்நிய ஜாதிகள் வந்து ஜெபிக்கக்கூடிய வெளிப்பிராகாரத்தில்தான் இந்த வியாபாரம் நடந்தது என்று பெரும்பாலான வேத அறிஞர்கள் கருதுகிறார்கள். அதற்கு அதிகாரம் என்ன என்று கேட்டவர்களுக்கு, இந்த ஆலயத்தை இடித்துப்போடுங்கள், மூன்று நாளைக்குள்ளே இதை எழுப்புவேன் என்றார். 46 வருஷமாகக் கட்டிவரும் ஆலயமாயிற்றே என்று அவர்கள் திகைத்தார்கள். அவர் தம்முடைய சரீரமாகிய ஆலயத்தைக் குறித்துப் பேசினார் என்று யோவான் விளக்குகிறான். தேவனும் மனிதரும் சந்திக்கும் இடம் இனி ஒரு நபர் என்பதே இதன் பொருள். இதைப் புரிந்துகொண்டால், சமாரியப் பெண்ணிடம் அவர், சமாரியர் தொழுத கெரிசீம் மலையிலும் அல்ல எருசலேமிலும் அல்ல என்று சொன்னது எந்த இடமும் வேண்டாம் என்ற பொதுக் கருத்தல்ல என்பதும் விளங்கும். ஆராதனைக்கு இடம் இல்லாமல் போகவில்லை. அந்த இடம் அவள் எதிரே கிணற்றருகே உட்கார்ந்திருந்தது.

ஏரோதின் ஆலயத்தில் ஒரு தடுப்பு இருந்தது. வெளிப்பிராகாரத்துக்கும் உட்பிராகாரங்களுக்கும் நடுவே நின்ற அந்தக் கல் அழி, அதாவது கிராதி, மூன்று முழ உயரம் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் குறிப்பிடுகிறார். அதில் எச்சரிக்கைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் முழுமையான ஒன்று 1871இல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்நியர் எவரும் இந்த அழியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது, மீறிப் பிடிபடுகிறவர் தம் சாவுக்குத் தாமே பொறுப்பு என்ற கருத்து அதில் கிரேக்க மொழியில் வெட்டப்பட்டிருக்கிறது. எபேசியனாகிய துரோப்பீமுவைப் பவுல் இந்த எல்லைக்கு உள்ளே கூட்டிவந்துவிட்டான் என்ற பொய்யான எண்ணத்தால்தான் அப்போஸ்தலர் 21இல் கலகம் எழும்பிப் பவுல் கைதுசெய்யப்படுகிறான். எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபமோ, பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்கிறது. அந்த அழியையே மனதில் வைத்து இது எழுதப்பட்டதா, அல்லது நியாயப்பிரமாணமே சுவரெனப்பட்டதா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். எப்படியிருந்தாலும் அந்தப் பகுதி எங்கே போய் முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும்: தூரமாயிருந்தவர்களும் சமீபமாயிருந்தவர்களும் சேர்ந்து, கிறிஸ்துவை மூலைக்கல்லாகக் கொண்டு, பரிசுத்த ஆலயமாக எழும்புகிறார்கள். சுவர் விழுந்த இடத்தில் வெற்றிடம் மிஞ்சவில்லை. விழுந்த சுவருக்கு இரு பக்கமும் நின்றவர்களே புதிய ஆலயத்தின் கற்களாகிறார்கள்.

இதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெறும் எபேசு பட்டணத்துச் செய்தியாக வாசிக்க முடியாது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயத்தில், இரு வேறு சாதிப் பிரிவினர் தனித்தனியாக அமரும்படி பீடத்திலிருந்து இரண்டு கூடங்கள் பிரிந்து சென்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பு அகற்றப்பட்டபோது அதை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. அது சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. சீர்திருத்த சபைகளிலும் தனி இருக்கையும் தனிப் பாத்திரமும் கேட்டு நடந்த சச்சரவுகள் குறைவல்ல. ஏரோதின் அழிக்காவது ஒரு நியாயப்பிரமாணத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ள முடிந்தது. நம் ஆலயங்களில் எழுந்த அழிகளுக்கு அதுவும் கிடையாது.

இங்கே சமாதானபலியின் பந்தியிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. பவுல் 1 கொரிந்தியர் 10இல், நாம் ஆசீர்வதிக்கிற பாத்திரம் கிறிஸ்துவினுடைய இரத்தத்தின் ஐக்கியம், நாம் பிட்கிற அப்பம் அவருடைய சரீரத்தின் ஐக்கியம் என்று எழுதிவிட்டு, உடனே இஸ்ரவேலைப் பாருங்கள், பலிகளைப் புசிக்கிறவர்கள் பலிபீடத்தோடே ஐக்கியமாயிருக்கிறார்களல்லவா என்று கேட்கிறான். திருவிருந்தை விளக்க அவன் எருசலேம் ஆலயத்தின் பந்தியைத்தான் சுட்டுகிறான். பலி செலுத்துதல் சிலுவையில் ஒரேதரம் முடிந்துவிட்டது. பலியிலிருந்து புசிக்கும் பந்தி தொடர்கிறது. ஆகவே அடுத்த அதிகாரத்தில் கொரிந்து சபையின் குற்றமாக அவன் எதை எடுக்கிறான் என்பது வியப்பளிக்க வேண்டியதில்லை. உள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியாயிருந்து வெட்கப்படுத்தப்படுகிறார்கள். நிலமில்லாத லேவியனையும் வேலைக்காரியையும் பந்திக்கு அழைக்கச் சொன்ன பழைய கட்டளை மீறப்படுகிறது. இப்படிப் புசிப்பது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று பவுல் துணிந்து சொல்லிவிடுகிறான். தேவனோடு ஐக்கியம் என்பதை நம்மில் பலர் தனியறையில் உண்டாகும் ஓர் உள்ளுணர்வாக மட்டுமே எண்ணுகிறோம். ஆலயத்தைப் படித்தவர் அப்படி எண்ண முடியாது. யோவானும் தன் முதல் நிருபத்தில், நாம் ஒளியிலே நடந்தால் ஒருவரோடொருவர் ஐக்கியப்பட்டிருப்போம் என்று கூறி, அதே மூச்சில் இயேசுவின் இரத்தம் சுத்திகரிக்கும் என்கிறான். பலிபீடமும் பந்தியும் அவனுடைய வாக்கியத்திலும் பிரியவில்லை.

இப்போது திரைச்சீலை. அது மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் இரண்டாகக் கிழிந்தது என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுகிறார்கள். மேலிருந்து கிழிந்தது என்பதால் கிழித்தது மனிதக் கை அல்ல என்பது தெளிவு. ஆலயத்தில் வெளித்திரை, உட்திரை என இரண்டு இருந்தன. மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைத்த உட்திரையையே எபிரெயர் நிருபத்தின் வெளிச்சத்தில் சபை எண்ணி வந்திருக்கிறது. இதை விளக்கும்போது, பிரதான ஆசாரியன் உள்ளே செத்துவிட்டால் இழுத்தெடுப்பதற்காக அவன் காலில் கயிறு கட்டியிருந்தார்கள் என்று நம் பிரசங்கிமார் சொல்வதுண்டு. வேதாகமத்தில் அப்படி ஒரு செய்தி இல்லை, யோசேபஸும் சொல்லவில்லை, மத்திய கால யூத மறைஞான எழுத்துகளில் வரும் செய்தி அது. அந்தக் கதையின் உதவி இல்லாமலே லேவியராகமம் 16 போதிய அச்சத்தைத் தருகிறது.

எபிரெயர் 10ஆம் அதிகாரம், அவருடைய மாம்சமாகிய திரையின் வழியாய்ப் புதியதும் ஜீவனுமான மார்க்கம் திறந்திருப்பதால் பரிசுத்த ஸ்தலத்தில் பிரவேசிக்கத் தைரியம் உண்டு என்கிறது. இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. பரிசுத்த ஸ்தலம் இல்லாமல் போய்விட்டது என்று ஆசிரியர் சொல்லவில்லை. அதில் சேருவோமாக என்கிறார். வருஷத்துக்கு ஒரு நாள் ஒருவனுக்கு மட்டும் உண்டாயிருந்த அருகாமை, எல்லா நாளும் எல்லாருக்கும் ஆயிற்று. இரண்டாவது, இந்த அழைப்பு முடிந்த கையோடு, சபை கூடிவருதலை விட்டுவிடாமல் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்று அவர் தொடர்கிறார். திரைக்கு உள்ளே போனவர்கள் தனித்தனியாகப் பிரிந்து போவதற்கு வழி திறக்கப்படவில்லை. ஆரோனின் குமாரர் செத்த கதையை அறிந்த வாசகர்களுக்கே அவர் எழுதுகிறார் என்பதால், தைரியம் என்ற சொல்லின் கனமும் நமக்குத் தெரிய வேண்டும். அலட்சியமாய் நுழைவதற்கு அது உரிமம் அல்ல.

நீங்கள் தேவனுடைய ஆலயம் என்ற பவுலின் வார்த்தை இதிலிருந்து இயல்பாகவே பிறக்கிறது. 1 கொரிந்தியர் 3இல் அது, நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று பிரிந்து நின்ற ஒரு சபையைப் பார்த்துச் சொல்லப்பட்டது. சபையைக் கெடுப்பவன் ஆலயத்தைக் கெடுக்கிறான் என்பதே அங்குள்ள எச்சரிப்பு. 6ஆம் அதிகாரத்தில் அதே வார்த்தை ஒவ்வொருவருடைய சரீரத்துக்கும் வருகிறது. உடல்நலத்தைப் பேணவும் புகைப்பழக்கத்தை விடவும் இரண்டாவது இடத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் மிகுதி. சபைப் பிளவைக் கண்டிக்க முதல் இடத்தை எடுப்பவர்கள் குறைவு.

நம் சபைக் கட்டடங்களை ஆலயம் என்று அழைப்பது சரியா என்று சிலர் கேட்பதுண்டு. தொடக்ககால விசுவாசிகள் எருசலேம் ஆலயத்தில் ஜெபவேளைக்குப் போனார்கள், வீடுகள்தோறும் அப்பம் பிட்டார்கள். சிரியாவின் துரா யூரோப்போஸில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 3ஆம் நூற்றாண்டுச் சபைக்கூடம் ஒரு சாதாரண வீட்டை மாற்றி அமைத்ததுதான். தரங்கம்பாடியில் 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயத்துக்குப் புதிய எருசலேம் என்று பெயரிட்டார்கள். கூடிவரும் ஜனமே ஆலயம் என்பது மறக்கப்படாதவரை, அவர்கள் கூடும் கூரைக்கு அந்தப் பெயரைக் கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. மறக்கப்பட்டால் எரேமியா ஆலய வாசலில் சொன்னது நமக்கும் பொருந்தும்.

கடைசிக் கேள்வி. எசேக்கியேல் 40 முதல் 48 வரையிலான அதிகாரங்களையும் 2 தெசலோனிக்கேயர் 2ஐயும் வைத்து, எருசலேமில் மூன்றாம் ஆலயம் கட்டப்படும் என்று எதிர்பார்க்கும் கிறிஸ்தவர்கள் உண்டு. எசேக்கியேல் கண்டதைக் கிறிஸ்துவிலும் சபையிலும் நிறைவேறியதாக வாசிப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது வாசிப்பின் பக்கம் சாய்கிறேன். அதற்கு முக்கியக் காரணம் வெளிப்படுத்தின விசேஷம் 21. அங்கே யோவான் காணும் நகரம் நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமானது. வேதத்தில் அதே வடிவம் கொண்ட மற்றோர் இடம், 20 முழம் நீளமும் 20 முழம் அகலமும் 20 முழம் உயரமுமாயிருந்த சாலொமோனின் மகா பரிசுத்த ஸ்தலம். நகரம் முழுவதுமே மகா பரிசுத்த ஸ்தலமாகிவிட்டதால், அதிலே ஆலயத்தை நான் காணவில்லை என்று யோவான் எழுத முடிகிறது. ஆயினும் முதல் வாசிப்பே சரியென்று ஒருவர் கொண்டாலும், நாளைக்கே பழைய ஆலயம் நின்ற மோரியா மலையில் ஓர் ஆலயம் எழும்பினாலும், தேவனோடு நமக்குள்ள ஐக்கியத்தில் அதனால் கூடுவதோ குறைவதோ ஒன்றும் இல்லை. பாவமன்னிப்பு உண்டானபின் இனிப் பாவத்தினிமித்தம் பலி செலுத்தப்படுவதில்லை என்று எபிரெயர் 10:18 தீர்த்துச் சொல்லிவிட்டது; அந்த ஒரே பலியின் பந்தியோ எருசலேமுக்குப் போகத் தேவையில்லாமல், விசுவாசிகள் கூடிவரும் எந்த ஊரிலும் ஏற்கெனவே பரிமாறப்பட்டு வருகிறது.